எடைச் சீட்டு

அலியாகாவில் கடலைப் பார்க்க யாரும் வருவதில்லை.
கப்பல்கள்தான் வருகின்றன,
மூக்கை மணலில் குத்தி, ஒருமுறை முனகி, நிற்க.

நான் எடைமேடையில் கணக்கெழுதுபவள்.
லாரி ஏறும். முள் ஆடும். அடங்கும்.
என் சீட்டில் ஐந்தே பத்திகள்:
இரும்பு, பித்தளை, செம்பு, மரம், இதர.

அந்த மார்ச்சில்
எண்ணெய்க் கப்பல்களுக்கு நடுவே இழுத்து வந்து விட்டார்கள் அவளை.
கல்யாண வீடு மாறி நுழைந்துவிட்டவள் மாதிரி
ஒல்லி இடுப்பு, பின்னால் சாய்ந்த புகைபோக்கி,
முன்னால் நீண்ட கொக்கு மூக்கு.
உடம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பெயிண்ட்.
பிரேயஸ் துறையில் பதினோரு வருடம்
கட்டிப்போட்ட இரவு விடுதியாம்.
நடன மேடைக்குக் கீழே எஞ்சின் இல்லை;
ஆடாமல் இருக்க கான்கிரீட் கொட்டியிருந்தார்கள்.

நெவ்ஸாத் பின்புறத்தில் சாணைச் சக்கரம் வைத்தான்.
'ஃபிளமிங்கோ' உதிர்ந்தது.
அடியில் 'அயியா மரீனா':
ஆடுகளும் தக்காளிப் பெட்டிகளும் ஏறி
தீவு தீவாக டீசல் புகைந்த காலம்.
அதற்கடியில் பெயரே இல்லை.
சாம்பல் பூச்சு, ஓர் எண்.
பியானோ இருந்த இடத்தில் பீரங்கி நின்ற
இரண்டு போர்கள்.
இன்னும் கீழே,
தகட்டில் புள்ளி குத்திய எழுத்துப் பள்ளங்களில்
துளித்துளியாய்த் தங்கம்:
'லேடி எல்ஸ்பெத், லீத், 1909.'

டண்டீ ஊர்ச் சணல் முதலாளி ஆக்டர்லோனி
உலகத்துக்கெல்லாம் சாக்கு தைத்து விற்ற காசு அது.
வருடத்தில் ஏழு வாரம்
நார்வேக்குப் போய் நள்ளிரவுச் சூரியனைப் பார்ப்பார்.
மிச்ச வாரங்களில் சேற்றுத் துறையில்
தார்ப்பாய் போர்த்திக் கிடப்பாள் அவள்.
குளியல் தொட்டிக்கு மூன்று குழாய்கள்:
வெந்நீர், தண்ணீர், கடல்.
மூன்றையும் திருகிப் பார்த்தேன்.
மூன்றாவதில் ஒரு சிலந்தி வந்தது.

ஏப்ரலில் பெத்யூன் என்றொருவர் வந்தார்,
ஜெனோவாவில் இதே வயதுக் கப்பல் ஒன்றைப்
புதுப்பிக்கிறவர்.
தேக்குப் பலகைகளைக் குழந்தைபோல் தடவினார்.
கதவுப் பிடிகள், விளக்குகள், படிக்கட்டு, அந்தக் குழாய்கள்,
எல்லாவற்றுக்கும் பேரம் பேசாமல் கொடுத்தார்.
கிளம்பும்போது,
"பெயரையும் வெட்டிக் கொடுங்கள்."
"எந்தப் பெயரை?" என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை,
சீட்டில் எழுத வேண்டுமே.

கரி அறை கடைசியாகத்தான் திறந்தது.
டீசல் வந்த பிறகு உருளைக்கிழங்கு போட்டுவைத்த அறை.
சுவரில் ஆணியால் கீறிய கோடுகள்:
நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே,
நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.
நெவ்ஸாத் சாப்பாட்டு வேளையில் சாப்பிடாமல் எண்ணினான்.
நானூற்றுப் பதின்மூன்று.
"கூடைக் கணக்கு" என்றான்.
அவன் அப்பா சோங்குல்டாக் சுரங்கத்துக்காரர்.
"மேலே இருக்கிறவன் எழுதுகிற கணக்கை
எந்தக் கரிக்காரன் நம்புவான்?"
நான் என் பேனாவைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூனுக்குள் முடிந்துவிட்டது.
உலை குடித்தது; கம்பியாக வெளியே வந்தது;
இஸ்மிரில் யாரோ எழுப்பும் மாடிகளுக்குள்
நார்வே பார்த்த இரும்பு நிற்கிறது.
எந்த மாடி என்று கேட்காதீர்கள்.

மொத்தக் கூட்டலில் பதினான்கு கிலோ குறைந்தது.
முதலாளி கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.
"துரு" என்றேன்.

நெவ்ஸாத் வீட்டு முற்றத்தில்
சாக்கடைக் குழிக்கு ஒரு சதுரத் தகடு மூடி.
கோழிகள் அதன்மேல் நின்று தவிடு கொத்துகின்றன.
மழை பெய்தால் கோடுகளில் மட்டும் தண்ணீர் நிற்கும்.

கடைசிக் கட்டில் மூன்று கோடுகள்தான்.
நாலாவது கூடைக்கு முன்னால் என்ன நடந்ததோ,
அதற்குப் பத்தி இல்லை என்னிடம்.